படத்துக்குக் கீழே இரண்டு தேதி

போன மாதம் தமிழ்ச்செல்வி வாட்ஸாப்பில் ஒரு வாசகம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் காசநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அவள். மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த முழக்கமாம். மெஷினே தமிழாக்கிக் கொடுத்துவிட்டதாம். "பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார், மத்தியானத்துக்குள்ள அச்சுக்குப் போகணும்" என்று கீழே எழுதியிருந்தாள்.

படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அதனாலேயே விடக் கூடாது என்று தோன்றியது. உடனே போன் போட்டேன். "பிழை கெடக்கட்டும்மா. யாரு படம் போடப் போறீங்க? கலரா, கறுப்பு வெள்ளையா? எந்தச் செவுத்துல ஒட்டப் போறீங்க? அந்தச் செவுத்துல ஏற்கெனவே இன்னா ஒட்டிக்கிது?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் சிரித்துவிட்டாள். "இன்னா சார், சம்பந்தம் பேசப் போறவங்க மாதிரி விசாரிக்கிறீங்க?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. இப்படி விசாரிக்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன், அதனால் ஒரு மனுஷன் சாகப் பார்த்தான் என்று சொன்னேன். "அப்ப அத எழுதிக் குடுங்க சார், புதுசா வர்றவங்களுக்கு ஆவும்" என்றாள். எனக்கும் வேறு வேலை இல்லை. எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஒப்பந்தத்தில். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொன்னதில் பாதி அப்போதே மறந்துவிட்டது. சளி பிடிக்கும் கப்பில் நோயாளியின் பேரை மூடியின்மேல் எழுதாதே, கப்பின் பக்கத்தில் எழுது என்று ஒருவர் சொன்னது மட்டும் இன்றுவரை நினைவிருக்கிறது. மூடியைக் கழற்றினால் பேரும் கழன்றுபோகும், யாருடைய சளி யாருடையது என்று தெரியாது. பயிற்சி முடிந்த வாரமே ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஓடு என்று விட்டுவிட்டார்கள். கடைசிவரை ஓடினேன். ஊர்களில் என் பேர் யாருக்கும் தெரியாது. 'மாத்திரை சார்' என்றால் தெரியும்.

அந்தக் காலத்து நடைமுறை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால் அன்றே அவர் பேர் எழுதி ஓர் அட்டைப்பெட்டி ஒதுக்குவோம். ஆறு மாதத்துக்கான மாத்திரையும் அதற்குள் இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அவர் வந்து எங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். பிறகு வாரம் ஒருநாள் வந்தால் போதும். விழுங்கியதும் காலி அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட வேண்டும். ஒருநாள் வரவில்லையென்றால் மறுநாள் நான் தேடிப் போக வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மாத்திரைக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அதே மாத்திரை கேட்காது. அப்படிப் பாதியில் விட்ட இரண்டு பேரை நான் சுடுகாடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் அதிகாரி டாக்டர் வசந்தகுமாரி. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் தேவலை என்று தோன்றும். "உக்காருங்க" என்பார். உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து காலி அட்டைகளை மேசைமேல் வரிசையாகப் பரப்புவார். குறைகிற இடத்தில் விரலை வைத்து, "இது?" என்பார். அவ்வளவுதான். பதில் வரும்வரை விரலை எடுக்க மாட்டார். பிழைப்பில் பாதி வியர்வை எனக்கு அந்த நாற்காலியில்தான் வழிந்தது. அவர் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்று உண்டு: "நோயாளி வாயிலேர்ந்து வராதது நம்ம வாயிலேர்ந்து வரக் கூடாது." ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்பதைப் பெண்டாட்டியிடம்கூட நாங்கள் சொல்ல மாட்டோம்.

இனி முழக்கங்களுக்கு வருகிறேன். எங்கோ ஓர் ஊரில் யாரோ நல்ல மனசோடு ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அது டெல்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, தமிழாகி, படத்தோடு எங்கள் ஜீப்பில் வந்து இறங்கும். ஒருமுறை வந்த போஸ்டரில், 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காலம் கடத்தாதீர்கள்' என்று இருந்தது. மேலே பெரிதாக ஒரு மணற்கடிகாரம். கண்டாச்சிபுரம் சந்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். கேப்பை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் வந்து, "எந்தக் கோயிலு பூசாரி சார்? இருமலுக்கு எந்தக் கெழமையில உடுக்கை அடிக்கிறாரு?" என்று கேட்டார்.

மணற்கடிகாரத்தை அவர் எங்கே கண்டார்? எனக்கே படத்தில் பார்த்த பழக்கம்தான். மேலும் கீழும் அகலம், நடுவில் இடுப்பு. அது உடுக்கை இல்லாமல் வேறென்ன? நாங்கள் காலமெல்லாம் பூசாரியிடம் போகாதே, ஆஸ்பத்திரிக்கு வா என்று கத்திக்கொண்டிருந்தோம். அரசாங்கமே உடுக்கை படம் போட்டதும் அவருக்கு ஒரே நிம்மதி. அவரை இழுத்துக்கொண்டுபோய்ச் சளி எடுக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொன்று சிரிப்பாக ஆரம்பித்துச் சிரிப்பாக முடியவில்லை. 'இருமும்போது வாயை மூடுங்கள்' என்பது வாசகம். அதில் என்ன தப்பு வரப்போகிறது? படத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கூலிக்காரர் நிற்கிறார். அவருக்கு எதிரே சட்டை போட்ட ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். வரைந்தவருக்கு அது இருமலும் துண்டும்தான். அதே தாலுக்காவில் ஒரு காலனியில் ஒட்டிய மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட மிச்சமில்லை. கிழித்தது நாங்கள்தான் என்று அங்கிருந்த இளைஞர்களே சொன்னார்கள். "எங்க தாத்தனுங்க துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கினு நின்னது போதாதா சார்? இப்ப கவர்மென்டே படம் போட்டு நிக்கச் சொல்லுதா?" என்று கேட்டான் ஒருவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

நான் என் மூளையைக் காட்டினேன். ஒரு பெயின்டரைப் பிடித்து, மீசை வைத்த பெரிய மனுஷர் துண்டால் வாயைப் பொத்துவதுபோலவும் எதிரே கூலிக்காரர் நிற்பதுபோலவும் சுவரில் வரையச் சொன்னேன். இப்போது ஊர்ப் பக்கத்திலிருந்து நான்கு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண் தனியாக நின்று கைக்குட்டையால் வாயை மூடுவதுபோல் வரைந்தோம். எதிரே யாருமே இல்லை. அது மட்டும் மழையில் அழியும்வரை இருந்தது. அன்றைக்கே நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அம்சா வளவனூருக்குப் பக்கத்து கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு திண்டிவனத்தைத் தாண்டி பெருமுக்கல். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். முதன்முதலில் அவள் புருஷன் கோவிந்தன் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது கேரியரில் ஒரு புடவைதான் இருப்பதுபோல் தெரிந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாள். ஆனால் ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவள் தவறவில்லை. மழையில் ரோடு அறுத்துக்கொண்டபோதும் வயல் வரப்பில் நடந்து வந்து, மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். பேச்சும் சிரிப்புமாக இருப்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் முகம் சுண்டிவிடும். "எங்க அண்ணன் ஒரு தபா கூட வந்து எட்டிப் பாக்கல சார். ஒட்டிக்கும்னு பயம். ரெண்டு பஸ்ஸு மாறினா வந்துடலாம்" என்பாள்.

அவள் குணமாகிச் சில வாரங்கள் கழித்து, வெளிநாட்டு உதவியோடு நடந்த ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேறொரு தேசத்தில் நன்றாக எடுபட்ட போஸ்டராம் அது. குணமான ஒருவரின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, அவள் செய்தாள், நீயும் செய்வாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் 'அவரால் முடிந்தது; உங்களாலும் முடியும்' என்று ஆக்கியிருந்தார்கள். நல்ல தமிழ். யாரைப் போடலாம் என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு அம்சா பேரைச் சொன்னேன். அவளிடமும் நானே போய்ப் பேசினேன். "என் மூஞ்சியப் பாத்து நாலு பேரு மாத்திரை சாப்புடுவாங்களா சார்? அப்ப போட்டுக்கங்க" என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

படம் எடுக்க வந்த பெண் கறுப்பு வெள்ளையில்தான் போட வேண்டும், அதில்தான் மனுஷ முகத்தின் கண்ணியம் தெரியும் என்றாள். "நல்ல பச்ச சேலையாக் கட்டினேனே சார்" என்று அம்சாவுக்கு ஒரு குறை. அவளுக்கு அது பழக்கமில்லாத கேமரா. சிரிக்காமல் நேராகப் பார்த்தாள். படத்துக்குக் கீழே பேர், வயது, ஊர். அதற்கும் கீழே இடது ஓரத்தில் சிகிச்சை தொடங்கிய தேதி, வலது ஓரத்தில் சிகிச்சை முடிந்த தேதி. அதற்கும் கீழே அந்த வாசகம். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு. அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வந்தது. இரண்டுமுறை படித்தேன். பிழையே இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஒட்டிய மறுநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்கு எதிரே நின்று என் போஸ்டரை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர் கிளாஸை நீட்டியபடியே, "சின்ன வயசு சார். இன்னா நோவாம்?" என்று கேட்டார். டி.பி. என்றேன். "புள்ளைங்க?" இரண்டு என்றேன். உச்சுக் கொட்டினார். ஒரு சாதாரண டீ மாஸ்டருக்கே எவ்வளவு அக்கறை, போஸ்டர் நன்றாக வேலை செய்கிறது என்று ஆபீசில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

அந்த வாரம் திண்டிவனம் பக்கத்தில் முனுசாமி என்ற ஒரு நோயாளி மாத்திரைக்கு வரவில்லை. கல் உடைக்கும் கிரஷரில் வேலை. நாற்பதை நெருங்கும் ஆள். சேர்ந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. தனக்கு நோய் என்று ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது, வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அதனால் கிரஷருக்குப் போனேன். வேலைக்கும் வரவில்லையாம். "ஏதோ சாவுன்னு சொன்னாங்க சார், ஆளு ஒரு மாதிரி ஆயிட்டான்" என்றார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி போனேன். இல்லை. பத்து நாள் ஓடிவிட்டது. அவன் பெட்டியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காலி அட்டைகளுக்குப் பக்கத்தில் பிரிக்காத அட்டைகள் அப்படியே இருந்தன. இருமலோடு இருந்த ஆள், கல் தூசியில் வேலை. இன்னும் பத்து நாள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை அம்சாவிடமிருந்து போன் வந்தது. சிரிப்பும் பதற்றமுமாகப் பேசினாள். "சார், ஜல்தியா எங்க வூட்டுக்கு வாங்க. எங்க அண்ணன் பங்காளிங்களக் கூட்டிக்கினு வந்து நிக்கிறான். நான் செத்துட்டனாம். எனக்குக் கோடி எடுத்துக்கினு வந்துக்கிறான் சார்!"

கோடி என்றால் என்னவென்று நம் பக்கத்தில் சொல்லத் தேவையில்லை. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கடைசியாக எடுத்து வரும் புதுச்சேலை. அண்ணன் தம்பி கோடி போடாமல் பெண்ணை எடுக்க மாட்டார்கள். எடுத்த பிறகு தெரிந்தாலும் படத்துக்காவது கொண்டுவந்து போடுவார்கள். சாவு சொல்லி அனுப்பாமல் எடுத்துவிட்டால் இரண்டு குடும்பமும் ஜென்மத்துக்கும் பேசாது. வண்டியை வளவனூர் ரோட்டில் விரட்டிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு அந்தப் போஸ்டர் கண்ணெதிரே வந்தது. கறுப்பு வெள்ளை முகம், பேர், வயது, ஊர், இரண்டு ஓரத்திலும் இரண்டு தேதி. நம் ஊரில் ஒரு சாதாரணப் பெண்ணின் முகம் தனியாக, சிரிப்பில்லாமல், கலரில்லாமல் எப்போது சுவரில் ஏறும்? வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி ஒரு நிமிஷம் நின்றேன்.

நான் போவதற்குள் பாதிக் கூத்து முடிந்திருந்தது. சாவு சொல்லி ஆள் வரும் என்று இத்தனை நாள் காத்திருந்துவிட்டு வந்தவர்கள் தெருவிலிருந்தே கோவிந்தனை ஏக வசனத்தில் பேசியிருக்கிறார்கள். "எங்க வூட்டுப் பொண்ண எங்களுக்குச் சொல்லாம எடுத்துட்டியாடா? சாவு சொல்லி அனுப்ப உனக்கு ஒரு ஆளு கெடைக்கலியா?" என்று சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறார்கள். அவன் ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறான். அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து, முறத்தில் உரித்த மல்லாட்டைப் பருப்பை வைத்துக்கொண்டு, "யாரு அங்க சத்தம்?" என்று அம்சா வந்திருக்கிறாள். பங்காளிகளில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ரோடுவரை ஓடிவிட்டாராம். அந்தச் செருப்பு நான் போனபோதும் அங்கேதான் கிடந்தது.

"சார், நான் உசுரோட இருக்கிறனா இல்லியா? நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள் அம்சா. தெருவே கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. மூத்த பங்காளி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் ஒட்டினீங்களா சார்? கறுப்பு வெள்ளப் படம். கீழ ரெண்டு தேதி. நாங்க இன்னான்னு நெனைக்கிறது? அதுல 'உங்களாலும் முடியும்'னு வேற போட்டுக்கிறீங்க. சாவறதுக்கு எங்களால முடியாதா இன்னா? அத்தப் போயி எழுதிக் காட்டணுமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். வாசலுக்கு வெளியே மண்ணில், மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவன் முனுசாமி. பத்து நாளாக நான் தேடிய முனுசாமி. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். யாருக்கும் தெரியாமல் தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், சொல்லிவிடாதே என்று.

அவன் மாத்திரையை ஏன் நிறுத்தினான் என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. அம்சாவின் அண்ணன் அவன்தான்; இருவருக்கும் ஊர் பெருமுக்கல் என்பதை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. தங்கைக்கு வந்த அதே நோய். ஆறு மாதமும் முழுசாக மாத்திரை சாப்பிட்டவள் என்பது போஸ்டரின் இரண்டு தேதியிலேயே தெரிகிறது. அவள் முடித்த தேதியை அவன் செத்த தேதி என்று படித்திருக்கிறான். அவளுக்கே பலிக்காதது தனக்கு என்ன பலிக்கும் என்று விட்டிருக்கிறான். நான் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் அவனுக்கு அதைச் சொன்னது. இவள் உயிரோடு நிற்கிறாள், இவளைப் பார், நீயும் பிழைப்பாய் என்று அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் தெருவே நிற்கிறது. அவன் வாயிலிருந்து வராதது என் வாயிலிருந்து வரக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேலையில் அதைவிடக் கஷ்டமான நேரம் எனக்கு வந்ததில்லை.

அதற்குள் அம்சாவின் கண் அந்த மஞ்சள் பையில் விழுந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"அதான் கோடியா?" என்றாள்.

முனுசாமி பையை மடியோடு அணைத்துக்கொண்டான்.

"ஆறு மாசம் நோவுல கெடந்தேன். அப்ப வர்ல. செத்துட்டேன்னு தெரிஞ்சதும் சேலை எடுத்துக்கினு வர்றியா? உசுரோட இருக்கிறவள வந்து பாக்கத் தோணல, பொணத்துக்குப் போட மட்டும் சேலை கெடைச்சுதா?"

தெருவில் சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல் முந்திக்கொண்டது. அடியிலிருந்து வரும் இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினான். அம்சா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவன் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"இந்த இருமல் எனக்குத் தெரியும்ண்ணா" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பக்கத்தில் நின்றதால் என் காதிலும் விழுந்தது. "எத்தினி மாசமா?"

அவன் அழ ஆரம்பித்தான். கல் உடைக்கிற அந்தப் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "நீயே முழுசா துன்னு போய்ட்டன்னு நெனச்சேன். நான் எதுக்குத் துன்றதுன்னு உட்டுட்டேன்" என்றான். அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

மூத்த பங்காளிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவருக்குக் கோடியைப் பற்றிய கவலை. "கோடியத் திருப்பி வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. உசுரோட இருக்கிறவளுக்கும் குடுக்கக் கூடாது. போற வழியில ஆத்துல உட்டுட்டுப் போயிடலாம்" என்றார்.

"எங்க அண்ணன் எடுத்த சேலைய நீ எதுக்குப் பெரிப்பா ஆத்துல உடுவ?" என்று பையை வாங்கிக்கொண்டாள் அம்சா. வேணாம்டி என்று கோவிந்தன் கையைப் பிடித்தான். உதறிவிட்டாள். அண்ணனைப் பார்த்து, இப்போது தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இத நான் வச்சிக்கிறேன். நெஜமா நான் சாவுற அன்னிக்கு எனக்குக் கோடி போட நீ உசுரோட இருக்கணும். வேற எவன் கொண்டாந்தாலும் எனக்கு வேணாம். அதுக்காவது மாத்திரயத் துன்னு. எழுந்து உள்ள வா, கஞ்சி குடிக்கலாம்."

அங்கிருந்து நேராக விழுப்புரம் போய் டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உக்காருங்க" என்றார். போஸ்டரை மேசைமேல் விரித்து, இரண்டு தேதிக்கும் நடுவில் விரலை வைத்தார். "இது?" என்றார்.

"மேசையில வச்சிப் படிச்சேன் மேடம். செவுத்துல வச்சிப் பாக்கல" என்றேன். அவர் எழுந்து போஸ்டரை எடுத்து பிளாஸ்திரியால் எதிர்ச் சுவரில் ஒட்டினார். இருவரும் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தோம். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் தட்டோடு நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு மேடம் தவறிட்டாங்க?" என்று கேட்டார். டாக்டர் அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "அவங்க ஊர்ல செத்தவங்க படத்தைச் செவுத்துல ஒட்ட மாட்டாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும். நாமதான் பாக்கல" என்றார். நாமதான் என்று அவரையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாளியும் சுரண்டியுமாகத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சுவர் சுவராக அம்சாவை உரித்தேன்.

திங்கட்கிழமை காலை நான் பெட்டியைத் திறக்குமுன்பே அண்ணனும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சனிக்கிழமையே அவனோடு பெருமுக்கல் போயிருக்கிறாள். அண்ணியிடம் எல்லாவற்றையும் அவனையே சொல்ல வைத்து, இரண்டு நாள் தங்கி, கையோடு அழைத்துவந்திருந்தாள். விட்டுப்போன மாத்திரைகளுக்காக மறுபடி சளி எடுத்துப் பார்த்து, சிகிச்சையை ஒரு மாதம் நீட்டித்தார் டாக்டர் அம்மா. முனுசாமி ஒருநாளும் தவறவில்லை. தவறினால் எனக்கு முன்னால் அவனைத் தேடிப் போக ஆள் இருந்தது.

அவன் கடைசி மாத்திரை விழுங்கிய அன்று அம்சாவும் வந்திருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள், அரக்கு நிறம், கரையில் மஞ்சள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி சேலையைப் பார்த்துவிட்டுப் பதறினாள். "அடிப்பாவி, அது கோடியாச்சே! அத்தப் போயாடி கட்டிக்கினு வந்த?"

அம்சா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "செத்தவளுக்குக் குடுத்தாத்தான் கோடி. நான்தான் சாவலியே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அவன் காதில் விழும்படியே சொன்னாள்: "கல்யாணமாயி இத்தினி வருசத்துல எங்க அண்ணன் எனக்கு எடுத்துக் குடுத்த மொத சேலை சார் இது."